சிங்கப்பூர் டு நெவார்க்: 17 மணி நேரமாம், யார் சொன்னது?

வணக்கம் மக்களே! கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, பரவாயில்லை, இதைப் பேசி முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சிங்கப்பூரிலிருந்து நேராகப் பறந்து, நியூயார்க் பக்கத்து நெவார்க்கில் இறங்கி, அக்கா வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. அதற்குள் மாமா, "பதினேழு மணி நேரம்தானே, இதற்கா இந்த அலுப்பு?" என்கிறார். தூரம் கணக்குப் போடும் ஏதோ ஒரு தளத்தில் பார்த்தாராம். சுமார் 15,340 கிலோமீட்டர், அதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 17. அந்தத் தளத்துக்கு இருக்கிற மூளை அவ்வளவுதான்!

தீர்க்கரேகையில் சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நெவார்க் 74 டிகிரி மேற்கு. கூட்டினால் 178, 180 என்றால் எதிர்த் தீர்க்கரேகை, அதாவது கிழக்கு மேற்குக் கணக்கில் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அக்கா மகளின் குளோபில் நூல் பிடித்துப் பார்த்தேன், வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. விமானம் அப்படியா வந்தது? ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைத் தாண்டி வந்தது, ஏனென்றால் அங்கே மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது, சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம். அப்படியும் அட்டவணையில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல்தான் போட்டிருக்கிறார்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னல் சீட் இல்லையென்றால் நான் எப்படி ஆகிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இந்த ஏ350 யுஎல்ஆரில் (மிக நீண்ட தூரம் போகவென்றே செய்த ஏர்பஸ் விமானம்) பிரீமியம் எகானமியில், அதாவது எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவிலான வகுப்பில், ஒரு வரிசைக்கு 2-4-2 என்று சீட்டுகள், ஆனால் கடைசி மூன்று வரிசையில் மட்டும் ஓரத்தில் ஒற்றை சீட். பக்கத்தில் ஆளே கிடையாது! ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவே சாமான் வைக்க ஒரு பெட்டி வேறு. தலையணை, தண்ணீர் பாட்டில், நம்ம வழக்கமான எலுமிச்சை ஊறுகாய் டப்பா எல்லாம் அதற்குள்ளே. யாரையும் எழுப்பாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுந்து போகலாம். கூடுதல் காசு கேட்டார்கள், யோசிக்காமல் கொடுத்தேன், மறுபடியும் கொடுப்பேன்.

ஆ, சொல்ல விட்டுப்போச்சு, இதில் சாதாரண எகானமியே கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 பேர்தான். டேங்கில் 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் பிடிக்கும். இவ்வளவு தூரம் போக எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. முன்பு இதே வழியில் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தை ஓட்டிப் பார்த்து, கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்திவிட்டு, 2018 அக்டோபரில்தான் இந்த விமானத்தோடு திரும்ப ஆரம்பித்தார்கள்.

இன்னொரு கூத்து, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் ஏறி, மறுநாள் விடியற்காலையில் இறங்குகிறோம். நெவார்க் கடிகாரம் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஆறு மணி நேரப் பயணம்! மாமாவிடம் இதைச் சொல்லவில்லை, அப்புறம் ஆறு மணி நேரம்தானே என்பார். வீட்டுப் பூட்டைப் பூட்டியதிலிருந்து, சாங்கி விமான நிலைய வரிசை, இங்கே குடிநுழைவு வரிசை, ரயில் எல்லாம் சேர்த்தால் ஒரு முழு நாள் போய்விட்டது, அதைச் சொல்லுங்கள் அவரிடம்.

திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் ஓட்டுவார்கள். அப்படி அமைந்தால் கிழக்கே போய்க்கொண்டே உலகத்தை ஒரு சுற்று சுற்றினதாகிவிடும். வழி எதுவென்று அன்றைக்குத்தான் தெரியும், மேப் திரையை விடாமல் படம் பிடிக்கிறேன். அந்த ஒற்றை சீட்டையும் இப்போதே போட்டு வைத்தாயிற்று.