ராஜ்கட்டிலிருந்து தோரணாவுக்கு

வணக்கம், நேயர்களே. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் ஒரு கோட்டையில் ஏறுவார்கள், படம் எடுப்பார்கள், இறங்கிவிடுவார்கள். ஒரு கோட்டையிலிருந்து அடுத்த கோட்டைக்கு மலைமுகட்டின் மேலேயே நடந்து போனால்தான் அதை ஏன் அங்கே கட்டினார்கள் என்பது விளங்கும். இது என் கட்சி.

புனேவுக்குத் தென்மேற்கே, சகியாத்ரி மலையில் அப்படி ஒரு வழி இருக்கிறது. தோரணா, சிவாஜி பதின்ம வயதில் பிடித்த கோட்டை. உயரம் சுமார் 1,400 மீட்டர். அங்கே கிடைத்த புதையலில்தான் ராஜ்கட் எழுந்தது என்பார்கள். ராய்கட் என்ற வேறொரு கோட்டைக்குப் போகும்வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு ராஜ்கட்தான் அவருடைய தலைநகர். இரண்டுக்கும் நடுவே நடக்க ஒரு பகல் வேண்டும்.

ராஜ்கட்டிலிருந்து தோரணா பக்கமாக நீளும் மலைத்திட்டுக்கு சஞ்சீவனி மாச்சி என்று பெயர். அதன் மதில் இரட்டை மதில். வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவே ஆள் மறையும் இடுக்கு. வெளிச்சுவரை உடைத்து வருகிறவன் அந்த இடுக்கில் மாட்டிக்கொள்வான். அந்தப் பக்கம் உள்ள அளு தர்வாஜா என்ற வாசலைத் தாண்டி முகட்டில் இறங்கித் திரும்பிப் பாருங்கள். எதிரி எந்த வழியாக வருவான் என்று பயந்தார்களோ, அந்த வழியில்தான் நாம் நிற்கிறோம்.

இந்த இடத்தில் செஞ்சியைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் 1670-இல் இதே ராஜ்கட்டில் பிறந்தவர். 1689-இல் அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சி. மொகலாயப் படை வந்து வளைத்தது. முற்றுகை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1698-இல் கோட்டை விழுந்தபோது அவர் அங்கே இல்லை, முன்பே தப்பிவிட்டார்! ராஜ்கட்டில் பிறந்த பிள்ளைக்கு அரியணை செஞ்சியில் என்று யார் கண்டார்கள்? 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் ராஜ்கட் உண்டு, செஞ்சியும் உண்டு. தோரணா இல்லை. எனக்கு அது மனத்தாங்கல்தான்.

சரி, நடைக்கு வருவோம். வழிநெடுகக் கார்வி புதர்கள். நம் குறிஞ்சிக்கு உறவு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்தால், இது எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. இருபுறமும் சரிவு, முன்னே பார்த்தால் தோரணா, பின்னே பார்த்தால் ராஜ்கட். ஒரு கோட்டைக்கு இன்னொரு கோட்டை காவல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். தோரணாவைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். புத்லா மாச்சி பக்கம் பாறை ஏற்றம் உண்டு, மழைக்காலத்தில் வழுக்கும். முகட்டில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மேலே மேங்காய் தேவி கோயில் இருக்கிறது. அடிவாரத்து ஊர் வெல்ஹே; அங்கே இறங்கிப் புனேவுக்குத் திரும்பலாம். வணக்கம்.