பாலத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் தென்கிழக்கே 85ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. அலபாமாவின் மான்ட்கோமரியில் புறப்பட்டு அட்லாண்டா, சார்லட், கிரீன்ஸ்பரோ, டர்ஹம் நகரங்களைத் தொட்டு, வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் முடியும். ஐந்து மாநிலங்கள், சுமார் 1,070 கிலோமீட்டர்.

2017 மார்ச் 30 மாலை, அட்லாண்டாவில் இந்தச் சாலையின் மேம்பாலத்துக்கு அடியில் தீப்பிடித்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் பாலத்தின் ஒரு கண், அதாவது இரு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதி, இடிந்து விழுந்தது. போலீசார் முன்னதாகவே வண்டிகளை நிறுத்திவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

கான்கிரீட் எரியாதே, பிறகு எப்படி விழுந்தது? அடியில் கேபிள் குழாய்ச் சுருள்களை மாநிலச் சாலைத் துறை பல ஆண்டுகளாக அடுக்கி வைத்திருந்தது. அவை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். சுமார் 130 டிகிரி செல்சியஸிலேயே உருகும். உருகியது குளமாகத் தேங்கி எரியும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் ஏறத்தாழ பெட்ரோல் அளவுக்கு வெப்பம் தரும். பாலத்தடியில் பெட்ரோல் பீப்பாய்களை யாராவது அடுக்குவார்களா? குழாய் என்றதும் அந்த எச்சரிக்கை வராமல் போகிறது. அதுதான் ஆபத்து.

சூடேறிய கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, அதன் வெளி அடுக்கைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தெறியும். உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள் அப்போது நேரடியாகத் தீயைப் பார்க்கின்றன. சுமார் 400 டிகிரியைத் தாண்டினால் அவற்றின் வலு பாதியளவுக்கு இறங்கிவிடும். சாலைத் தளத்தைச் சுமக்கும் உத்திரமான கர்டரைத் தாங்குவதே அந்தக் கம்பிகளின் இழுவிசைதான். அது தளர்ந்தால் பாலம் தன் எடைக்கே நிற்காது.

விழாத கண்களையும் நம்பக் கூடாது. தீப்பட்ட கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டினால், உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். ஜல்லியில் இரும்புச் சத்து இருந்தால், 300 டிகிரிக்கு மேல் சுட்ட பகுதி இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். அட்லாண்டாவிலும் விழுந்தது ஒன்று, இடித்துக் கட்டியது ஆறு: போக மூன்று, வர மூன்று.

சீக்கிரம் இறுகும் கான்கிரீட் கலவையில் தூண்களை எழுப்பினார்கள். களத்தில் தூண் வேலை நடக்கும்போதே, வேறிடத்தில் கர்டர்கள் வார்க்கப்பட்டன. முன்னதாக முடித்தால் ஒப்பந்தக்காரருக்கு ஊக்கத்தொகை என்றும் பேசியிருந்தார்கள். ஜூன் 15 வரை கெடு இருந்தது. மே மாதத்தின் நடுவிலேயே, ஆறரை வாரங்களுக்குள், வண்டிகள் மறுபடியும் ஓடின.