தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா? முடிவெடுக்கும் முன் வகுப்பறையைப் பாருங்கள்

(திரையில்: அடுத்தடுத்து இரண்டு பள்ளி வாசல்கள்)

வணக்கம். பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கினாலே வீட்டில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதெல்லாம் இருக்கட்டும், சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று முதலில் பார்ப்போம்.

2008-இல் ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. தனியார் பள்ளிக்குப் போக விரும்பிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளில், குலுக்கலில் வந்தவர்களுக்குக் கல்விச் செலவை ஆய்வுத் திட்டமே ஏற்றது. குலுக்கல் என்பதுதான் இதில் முக்கியம். குலுக்கலில் வந்தவர்கள், வராதவர்கள் என இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குடும்பங்கள், ஒரே மாதிரி வீட்டுச் சூழல். நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தால், தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தினார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, மிகக் குறைந்த செலவில் அதே அளவுக்குக் கற்பித்திருந்தன.

(திரையில்: உலக வரைபடம்)

பதினைந்து வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்விலும் இதே போக்குதான். 2018 முடிவுகளில் வாசிப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தனியார் பள்ளிகள் மேலே நின்றன. குடும்ப வசதியையும் பள்ளியில் சேர்பவர்களின் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும், ஓஈசிடி என்ற, பெரும்பாலும் வசதியான நாடுகளின் அமைப்பில் உள்ள நாடுகளின் சராசரியில் அரசுப் பள்ளி மாணவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். ஆகவே வாசலில் தொங்கும் மதிப்பெண் பேனரில், அந்தப் பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளைகள் சேர்கிறார்கள் என்பதும் கலந்திருக்கிறது.

சரி, அப்படியென்றால் எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால், உங்கள் பிள்ளைக்கு வரப்போகிற வகுப்பாசிரியரையும் அந்த வகுப்பறையையும்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பிள்ளைகள் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட நன்றாகக் கற்றன. சின்ன வயதில், ஆசிரியரின் கண் தன்மேல் படுவதே பிள்ளைக்குப் பெரிய பலம். அதனால் எந்தப் பள்ளியானாலும், 'ஒரு வகுப்பில் எத்தனை பேர்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

(திரையில்: திறந்த கணக்கு நோட்டு)

முடிந்தால் இரண்டாம் வகுப்பு நோட்டுகள் இரண்டு மூன்றை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே விடை, ஒரே வரி, கீழே ஒரு டிக் என்றிருந்தால், பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வேறொரு நோட்டில் 13-ஐயும் 8-ஐயும் கூட்டி 111 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். 3-ம் 8-ம் 11 என்று சரியாகவே கூட்டி அப்படியே எழுதிவிட்டு, மிச்சமிருந்த 1-ஐ முன்னால் போட்டிருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போகும் ஆசிரியரும் உண்டு. 'இது எப்படி வந்தது, சொல்லு' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவரும் உண்டு. அந்த இரண்டாவது ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ, அங்கே சேர்க்கலாம். அவர் இரண்டு வகைப் பள்ளியிலும் இருக்கிறார்.

கழிப்பறையையும் குடிநீரையும் நேரில் பார்த்துவிடுங்கள். கட்டடப் பளபளப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்.

கட்டணத்தைக் கணக்கிடும்போது முதல் வருடத்தோடு நிறுத்தாதீர்கள். வேன், சீருடை, புத்தகம், வருடா வருடம் ஏறும் தொகை எல்லாம் சேர்ந்ததுதான் உண்மைச் செலவு. அதைக் கட்ட அப்பாவும் அம்மாவும் இரவு வரை உழைத்து, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகம் படிக்கக்கூட நேரமில்லாமல் போனால், அந்த இழப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இடையில் மூன்றாவது வகையும் உண்டு: தனியார் நடத்த, அரசு பணம் தரும் பள்ளிகள். நெதர்லாந்தில் 1917 முதலே இவற்றுக்கு அரசுப் பள்ளிக்குச் சமமான நிதி கிடைக்கிறது. உங்கள் பகுதியில் இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள்.

சேர்த்த பிறகு, முதல் சில மாதங்கள் பிள்ளையைக் கவனியுங்கள். காலையில் வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்கிறதா? வகுப்பில் நடந்ததைத் தானாகவே பேசுகிறதா? ஏதோ சரியில்லை என்று தோன்றினால் முதலில் ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் பள்ளியை மாற்றத் தயங்க வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் மாற்றுவது, பின்னால் மாற்றுவதைவிட எளிது.