படப்பிடிப்பு முடிந்த இரவு

வணக்கம் நேயர்களே.

குறும்படம் எடுக்கிறவர்களுக்குக் கடைசி ஷொட் முடிந்ததும் பெரிய நிம்மதி வரும். எல்லோரும் கை தட்டுவார்கள், யாராவது ஒருவர் கொத்துரொட்டி வாங்கப் போவார். அந்த இரவைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். படம் எடிட்டிங் மேசைக்குக் கைமாறுகிற நேரம் அது. கையில் காசில்லாமல் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் சேதப்படுகின்றன என்பது என் அனுபவம்.

முதலில் மெமரி கார்ட். மூன்று பிரதிகள் இருக்கின்றன என்று கண்ணால் பார்க்கும்வரை கார்டை அழிக்க வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு, மூன்றாவது வேறொருவர் வீட்டில். இரண்டு டிஸ்க்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பிரதி எடுத்ததில் பயனில்லை. எடுத்த பிரதியை ஓட்டியும் பாருங்கள். பெயர் சரியாக இருந்தும் ஓடாத கோப்புகள் உண்டு. நாள் முழுக்கக் கமராவைத் தூக்கி நின்றவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், களைப்பில் கை தவறிவிடும்.

அடுத்தது ஒலி. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுச் சமையலறையில் தாயும் மகளும் பேசும் காட்சியை எடுத்தோம். ரயில் பாதைக்கு ஒரு ஒழுங்கை தள்ளி வீடு. ரயில் வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுத்ததால் வசனம் சுத்தமாகப் பதிவாகியிருந்தது. ஆனால் யாரும் பேசாத அந்தச் சமையலறையின் வெறும் சத்தத்தை, ரூம் டோன் என்று சொல்வார்களே, அதைப் பதிய மறந்துவிட்டோம். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. தாயின் ஷொட்டில் தூரத்தில் கடல் இரைகிறது, மகளுக்கு வெட்டினால் இரைச்சல் நின்றுவிடுகிறது. காகம் கரைவது பாதியில் அறுகிறது. ரூம் டோன் இருந்தால் அடியில் விரித்து அந்த இடைவெளிகளை நிரப்பியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து ரெக்கோடரோடு திரும்பிப் போனோம். பக்கத்து வீட்டை இடித்து, அடுக்குமாடிக்கு அத்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் ஒரு இடத்தின் சத்தம் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் லைட்டைக் கழற்றுமுன், நடிகர்கள் வெளியே போகுமுன், எல்லோரும் நின்ற இடத்திலேயே வாய் திறக்காமல் நிற்க, 30 விநாடி பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும், சிரமம் பாராமல்.

ஷொட் தொடங்கும்போது கமரா முன்னால் கிளாப் பலகை அடிப்பதையும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். தனியாகப் பதிந்த ஒலியைப் படத்தோடு பொருத்தும்போது அந்த 'டக்' சத்தம்தான் பிடிமானம். விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படங்கள், ஓடும் படத்தில் ஒலி மூன்று பிரேம் விலகினாலே உதடு காட்டிக்கொடுத்துவிடும்.

எடிட்டர் படப்பிடிப்புக்கு வராதவராக இருந்தால் நல்லது. கொட்டாஞ்சேனையில் ஒரு மொட்டைமாடியில் மாலை வெயிலுக்காக இரண்டு நாள் காத்திருந்து ஒரு ஷொட் எடுத்தோம். நாங்கள் காத்திருந்தது அவருக்குத் தெரியாது, திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும். கதைக்கு வேண்டாம் என்று நீக்கிவிட்டார். எனக்கு வலித்தது. ஆனால் அவர் செய்தது சரி. அப்புறம் வெட்டு முடிவானபின் அதைத் தொடாதீர்கள். ஒலியும் நிறமும் அந்த வெட்டின் மேல்தான் ஏறும், அதை அசைத்தால் எல்லாம் அசையும்.

கடைசியாக ஒன்று. எழுதிக் கொடுத்த வசனத்தை நடிகர்கள் அப்படியே பேசுவதில்லை. உண்மையில் பேசியதை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். எடிட்டருக்கும் அது உதவும், உபதலைப்பு எழுதுகிறவருக்கும் உதவும். இந்த ஊரில் தமிழ்ப் படத்துக்குச் சிங்களத்தில் உபதலைப்பு போடாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரே பார்க்க முடியாமல் போய்விடும். எங்கள் கொப்பியோடு ஒரு சிங்கள நண்பர் இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அர்த்தம் கேட்டார். 'மச்சான்' வந்த இடத்தில் மட்டும் கேட்கவில்லை, அப்படியே எழுதிவிட்டார்.

நன்றி நேயர்களே, வணக்கம்.