அமைதியாக என்ற ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

2011-இல் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசிப் படம் வந்தபோது என் அக்கா மகளோடு போயிருந்தேன். அவளுக்கு அப்போது 15 வயது. ஏழு புத்தகங்களையும் தையல் விட்டுப்போகும் அளவுக்குப் படித்தவள். படம் முடியப் போகிறது. சண்டை ஓய்ந்து, இடிந்த பாலத்தின் மேல் மூன்று நண்பர்களும் நிற்கிறார்கள். உலகத்திலேயே வலிமையான மந்திரக்கோல் ஹாரியின் கையில் இருக்கிறது. அதை இரண்டாக ஒடித்துப் பள்ளத்தில் வீசுகிறான். அரங்கு முழுக்கக் கைதட்டல். இவள் தட்டவில்லை. என் பக்கம் சாய்ந்து, "சித்தி, அவனோட சொந்தக் கோல் என்னாச்சு?" என்று கேட்டாள். குரல் கம்மியிருந்தது.

புத்தகம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மந்திரப் பள்ளியில் படிக்கும் ஹாரிக்கு 11 வயதில் கிடைத்த கோல் அது. கோல்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் என்பது அந்த உலகத்தின் விதி. ஏழாவது புத்தகத்தின் நடுவில், உயிர் தப்பி ஓடும் அவசரத்தில் அது முறிந்துபோகிறது. எந்த மந்திரத்துக்கும் ஒட்டவில்லை. ஆனாலும் துண்டுகளைத் தூக்கிப்போட அவனுக்கு மனசு வரவில்லை. கழுத்தில் தொங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறான். போர் முடிந்து, யாராலும் வெல்ல முடியாத அந்தப் பெரிய கோல் அவன் வசம் வந்தபிறகு, அதைக் கொண்டு தன் பழைய கோலை ஒட்டவைக்கிறான். பெரியதை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கப் போவதாகச் சொல்கிறான். ஏழு புத்தகமாக நாம் பார்த்து வளர்த்த பையன் யார் என்பது அந்த ஒரு பக்கத்தில் முழுசாகத் தெரிகிறது.

படத்திலும் அவன் அதிகாரத்தை வேண்டாம் என்கிறான், சரி. கருத்து வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய கோலின் கதி என்ன என்று படம் சொல்லவே இல்லை. ஏழாவது புத்தகம் வந்தது 2007-இல். நான்கு வருஷமாக அந்தப் பக்கத்தைத் திரையில் பார்க்கக் காத்திருந்த பெண்ணுக்கு அது போகிற போக்கில் விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை.

இந்த மனத்தாங்கலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். பிடித்த மாயக்கதை படமாகும்போது ரசிகர்கள் கொதிக்கிறார்கள். மற்றவர்கள் உடனே, "சினிமா வேற, புத்தகம் வேற, இதைக்கூடப் புரிஞ்சுக்க மாட்டீங்களா" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பதிலோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கொதிக்கிற ரசிகருக்கு அந்த வித்தியாசம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். நான்காவது ஹாரி பாட்டர் புத்தகத்தின் பிரிட்டிஷ் பதிப்பு 636 பக்கம். படம் 157 நிமிடம். திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் 636-ஐ 157-க்குள் திணிக்க வேண்டும். வெட்டாமல் முடியுமா? முடியாது. இது 10 வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அதனால்தான் வெட்டியதை ரசிகர்கள் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறார்கள் என்று சொல்கிறேன். மோதிரங்களின் தலைவனை, அதாவது டோல்கீன் எழுதிய லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையை, எடுத்துக்கொள்ளுங்கள். 2001 தொடங்கி 2003 வரை பீட்டர் ஜாக்சன் அதை மூன்று படங்களாகத் தந்தார். புத்தகத்தில் டாம் பாம்படில் என்று ஒருவர் வருவார். காட்டுக்குள் பாடிக்கொண்டு திரிகிற விசித்திரமான மனிதர். மாட்டியவரை மறைத்துவிடும் அந்த மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டும் மறையாமல் நிற்பவர். படத்தில் அவர் மருந்துக்கும் இல்லை. போர் முடிந்து ஊர் திரும்பும் நண்பர்கள் தங்கள் ஊரே சூறையாடப்பட்டிருப்பதைப் பார்க்கிற கடைசிப் பகுதியும் இல்லை. முனகல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களை அதே ரசிகர்கள்தான் வருஷா வருஷம் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாவது படம் 11 ஆஸ்கர் வாங்கியபோது தங்கள் வீட்டுப் பிள்ளை பரிசு வாங்கிய மாதிரி மகிழ்ந்தவர்களும் அவர்களே.

அப்புறம் எது மன்னிக்க முடியாமல் போகிறது?

நான்காவது ஹாரி பாட்டர் கதைக்கே வருகிறேன். உயிருக்கு ஆபத்தான ஒரு போட்டி. வயது வராதவர்கள் பெயர் கொடுக்கவே முடியாது. அப்படியிருந்தும் நெருப்புக் கோப்பையிலிருந்து ஹாரியின் பெயர் வந்து விழுகிறது. அத்தனை பேரும் அவனைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவனிடம், உன் பெயரை நீயே போட்டாயா என்று கேட்கிறார். புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது. அமைதியாக. அமைதியாகக் கேட்டார். 2005-இல் வந்த படத்தில் அதே மனிதர் விரைந்து பாய்ந்து வந்து பையனைப் பிடித்து உலுக்கி, உரக்கக் கேட்கிறார்.

காட்சி ஒன்றுதான். வசனமும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு சொல் மாறியதற்காகவா இத்தனை வருஷமாக ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அந்த ஒரு சொல்லுக்காகத்தான். ஊரே பதறும்போது பதறாத ஒருவர் இருக்கிறார் என்பதை நம்பித்தான் அந்தப் பையன் அந்தப் பள்ளியில் இருக்கிறான். படிக்கிற பிள்ளையும் அதே நம்பிக்கையோடுதான் இருட்டான அத்தியாயங்களைத் தாண்டிப் போகிறது. எல்லாரும் கைவிட்ட நிமிஷத்தில் அந்தப் பெரியவரின் குரல் உயரவில்லை என்பதுதான் அங்கே முக்கியம். அவரும் உலுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு தூண்கூட மிச்சமில்லை. இதை நீட்டி முழக்கி விளக்கத் தெரியாத பிள்ளைகள், "அமைதியாக என்றுதானே எழுதியிருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். என்னைக் கேட்டால், அதைவிடச் சரியான விமர்சனம் அந்தக் காட்சிக்கு இல்லை. நோய் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

ஃபராமிர் விஷயமும் இதே வகைதான். ஆனால் அதில் எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மோதிரங்களின் தலைவனில் மோதிரம் யாரையும் மயக்கும். நல்லவர்களும் அதைக் கண்டு பயந்து ஒதுங்குவார்கள். ஃபராமிர் என்ற தளபதியின் அண்ணன் அதற்கு ஆசைப்பட்டு அழிந்தவன். பிறகு அதே மோதிரம், அதைச் சுமக்கும் ஃப்ரோடோவோடு சேர்ந்து ஃபராமிரின் கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது. புத்தகத்தில் அவன், நடுவழியில் கிடந்தாலும் நான் எடுக்க மாட்டேன் என்கிறான். சொன்னபடியே நடக்கிறான். தன் பாத்திரங்களில் தன்னைப் போல யாராவது உண்டென்றால் அது ஃபராமிர்தான் என்று டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். படத்தில் அவன் ஃப்ரோடோவைக் கைதியாக இடிந்த நகரம்வரை இழுத்துப் போய், அங்கே மனம் மாறி விடுவிக்கிறான்.

படக்குழுவினர் இதற்குக் காரணம் சொன்னார்கள். இந்த மோதிரம் எவரையும் வீழ்த்தும் என்று இத்தனை மணி நேரமாகக் காட்டிவிட்டு, ஒருவன் வந்து சட்டை செய்யாமல் தள்ளிவிட்டால், அதன் மேல் இருந்த பயமே போய்விடும் என்றார்கள். யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. புத்தகத்தில் ஃபராமிரோடு பல பக்கங்கள் உட்கார்ந்து பேசி, அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் சோதனை வருகிறது. படத்தில் அந்த அவகாசம் கிடையாது. ஆனாலும் எனக்கு வருத்தம் போகவில்லை. ஆசையோடு போராடி ஜெயித்தவர்கள் அந்தக் கதையில் நிறையப் பேர். ஆசையே எழாத மனிதன் ஒருவனும் அந்த உலகத்தில் இருந்தான். அவனைப் பார்த்து, இப்படியும் இருக்க முடியும் என்று நம்பியவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கம்பனைப் படித்தவர்கள் என்னை விடமாட்டார்கள். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பன் அதை ஏற்கவில்லை. குடிசையை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைத்தான். வில்லை முறிக்கும் முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் கம்பன் சேர்த்தது. இவையெல்லாம் பெரிய மாற்றங்கள். ஆனால் சீதை சீதையாகவே இருக்கிறாள். நிகழ்ச்சி மாறிக் குணம் நிலைப்பது ஒன்று; நிகழ்ச்சியை அப்படியே வைத்துக் குணத்தை மாற்றுவது வேறொன்று. ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் இரண்டாவதன் மேல்தான் விழுகிறது.

சரி, ரசிகர்கள் எப்போதும் சரியா? இல்லை. இதையும் இந்த மேடையிலேயே சொல்லியாக வேண்டும்.

பசி விளையாட்டு என்று தமிழில் சொல்லலாம், ஹங்கர் கேம்ஸ். அது 2012-இல் படமாக வந்தபோது ரூ என்ற சிறுமியாக ஒரு கறுப்பினச் சிறுமி நடித்தாள். சில ரசிகர்கள் வசைபாடித் தீர்த்துவிட்டார்கள். நாங்கள் நினைத்த ரூ இவள் இல்லை என்றார்கள். புத்தகத்தைத் திறந்தால், ரூவின் தோல் அடர் பழுப்பு என்று கண்ணுக்கு நேராக எழுதியிருக்கிறது. படித்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்த் தங்களுக்குப் பழக்கமான முகம் ஒன்றை ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அந்த முகத்தைப் புத்தகம் தந்தது என்று நம்பினார்கள். அந்த வார்த்தைகளைத் தாங்கவேண்டி வந்தது ஒரு குழந்தை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

மாயக்கதை எழுத்தாளர் உர்சுலா லெ குவினுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1968-இல் வந்த எர்த்சீ கதையின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்த உலகத்தில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள் இல்லை. லெ குவின் வேண்டுமென்றே அப்படி எழுதினார். 2004-இல் தொலைக்காட்சிக்காக எடுத்தபோது கெட்டாக ஒரு வெள்ளையரைப் போட்டார்கள். லெ குவின் பொறுத்துக்கொள்ளவில்லை, வெளிப்படையாகக் கட்டுரை எழுதிக் கண்டித்தார்.

இரண்டு இடத்திலும் கோபம் நிறத்தைப் பற்றியதுதான். ஒன்றுக்குப் புத்தகம் சாட்சி சொல்கிறது, மற்றதற்குச் சொல்லவில்லை. ஆகவே எனக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் பார்த்துக் கொதித்தால், பேசுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பேன். பல தடவை நான் நினைத்தது அங்கே இருக்கும். சில தடவை இருக்காது. நானே வரைந்து வைத்திருந்த கோடு அது என்று அப்போதுதான் தெரியும்.

வரிக்கு வரி விசுவாசமாக எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. பெர்சி ஜாக்சன் கதையில் நாயகனுக்கு 12 வயது. 2010-இல் வந்த படம் அவனை 16 வயதுப் பையனாக்கியது. ரசிகர்களுக்கு அது கசந்தது, எழுதிய ரிக் ரியோர்டனுக்கும் கசந்தது. 2023-இல் அவரே பங்கெடுத்துத் தொடராக வந்தது. பையனும் சின்னப் பையன். வரவேற்றார்கள். கூடவே ஒரு குறையும் சொன்னார்கள். புத்தகத்தில் பிள்ளைகள் ஒரு வயதான அம்மாவின் கடைக்குள் வெகுளியாக நுழைந்து, சாப்பிட்டு, சிலைகளை வேடிக்கை பார்ப்பார்கள். அவள்தான் ஆளைக் கல்லாக்கும் மெதூசா என்பது நமக்கு மெல்ல உறைக்கும். அவர்களுக்கு அதற்கும் பிறகுதான். தொடரில் பார்த்த மாத்திரத்தில் யார் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆள் அதே, இடம் அதே. வயிற்றைப் பிசைந்த அந்தப் பயம் மட்டும் இல்லை. ரசிகர்கள் இதையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்பதால்தான் அவர்கள் காதை நான் நம்புகிறேன்.

நேரம் ஆகிவிட்டது. ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

படம் பார்த்தபிறகு உண்மையிலேயே தொலைகிற ஒன்று இருக்கிறது. நான் முதலில் படித்தபோது என் மனசில் இருந்த ஹாரியின் முகம் இப்போது எனக்கு நினைவில்லை. எவ்வளவு முயன்றாலும் நடிகரின் முகம்தான் வருகிறது. என் அக்கா மகளும் இதையே சொல்வாள். அவளுக்கு இன்னொரு தீராத குறை, பீவ்ஸ். பள்ளிக்கூடத்துக்குள் பறந்து பறந்து வம்பு செய்கிற குட்டிப் பேய். முதல் படத்துக்காக ஒரு நடிகரை வைத்து எடுத்தே விட்டார்கள், பிறகு வெட்டிவிட்டார்கள். எட்டுப் படங்களிலும் பீவ்ஸ் கிடையாது.

போன வருஷம் அவளுடைய மாமியார் வீட்டுச் சின்னப் பையன், எட்டுப் படங்களையும் பார்த்து முடித்தவன், முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தான். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். முதல் நாள் இரவு, புதுப் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போகிறார்கள், நடுவழியில் ஒரு கட்டுக் கைத்தடிகள் அந்தரத்தில் மிதக்கின்றன. பையன் புத்தகத்தோடு சமையலறைக்கு ஓடி வந்தான். "யார் இவன்? இவனைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே!" அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "இங்க வா, அந்தப் பக்கத்தைச் சத்தமா படி" என்றாள்.