சிங்குக்கு அடியில் திறந்த வாய்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். இருபத்தேழு வருஷமாக அடுத்தவர் வீட்டு சிங்குக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். அங்கே பயன்படாத பைப் ஒன்று திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதுதான் பேச்சு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அக்கா வீடு. வாஷிங் மெஷினை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் அழுக்குத் தண்ணீர் இறங்கிய ஒன்றரை இஞ்ச் பைப் மட்டும் சிங்குக்கு அடியில் வாயைத் திறந்தபடி நின்றது. பத்தே நாளில் நாற்றம். "எலி செத்துக் கிடக்குதுடா" என்றது அக்கா. அரிசி டிரம்மை நகர்த்தினோம், கேஸ் சிலிண்டரை நகர்த்தினோம். மாமா பரண்மேல் ஏறினார். எலி இல்லை; தொலைந்துபோன இட்லிக் குண்டான் கிடைத்தது! ராத்திரி லைட்டைப் போட்டால் கரப்பான் அந்த பைப்பிலிருந்து மீசையை நீட்டுகிறது.

மாமா பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தார். துணி நாற்றத்தை நிறுத்தாது. ஈரத்தைக் குடித்து அதுவும் நாறும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் சாக்கடை எதிர்த்து வந்தபோது துணி முதலில் வெளியே வந்தது, பின்னாலேயே கறுப்புத் தண்ணீர். (மூடி போட்டிருந்தால் வெள்ளமே வராது என்று சொல்லவில்லை. அது குளியலறை வழியாகவும் வரும்.)

சிங்க் பைப்பில் ஒரு வளைவு இருக்கிறதே, அதில் இரண்டு இஞ்ச் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைவு வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் நமக்குக் காவல் அதுதான். ஆனால் தண்ணீர் ஊற்றாத பைப்பில் அது காய்ந்துவிடும். அக்கா வீட்டு பைப்பில் வளைவே கிடையாது! சாக்கடைக் காற்று நேராக அடுப்படிக்கு.

அதனால் துணி வேண்டாம், பாலித்தீன் வேண்டாம், எண்ட் கேப், அதாவது பைப் முனையை அடைக்கும் மூடி, போடுங்கள். முதலில் வேறெந்தத் தண்ணீரும் அந்த பைப்பில் இறங்கவில்லையா என்று பாருங்கள். முனையைத் துடைத்து, காயவைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பைப்பிலும் மூடியிலும் சால்வென்ட் என்ற ஒட்டும் பசையைத் தடவி, அழுத்தி, அரை நிமிஷம் பிடியுங்கள். இதை மறுபடி கழற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். மெஷின் கீழே திரும்பி வரும் என்றால் மரை வைத்த மூடி, டெஃப்லான் டேப் சுற்றி.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: சால்வென்ட் தீப்பிடிக்கும், அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காருங்கள். வணக்கம்.