குழாய் வழியே கேட்ட படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று ஐம்பது வருடமாகக் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருக்கிறேன். பிடித்த படங்களையும் டிவி தொடர்களையும் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படங்களைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். பிடித்த படம் எது என்று யோசித்தால் முகங்களுக்கு முன்னால் குரல்கள்தான் எனக்கு வந்து நிற்கின்றன. இன்றைக்கும் ஒரு படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வேன். கதை அப்போதும் நகர்ந்தால் அது எனக்குப் பிடித்த படம்.

எழுபதுகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவோடு கிளம்பிவிடுவேன். அவர் தென்னை மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார். நான் கீழே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இசைத்தட்டு மாற்ற வேண்டும். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டைத்தான் முதலில் போடுவோம். எங்கள் ஊர் டூரிங் கொட்டகையிலும் அதே பாட்டுதான். அது காதில் விழுந்தால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். நடவு வேலை முடித்து வந்தவர்கள் கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஓடுவார்கள். சில பாடகர்களின் குரல் குழாயில் தகரத்தைத் தட்டினது போல ஆகிவிடும். சீர்காழியின் குரல் மூன்று வாய்க்கால் தாண்டி நின்று கேட்டாலும் எழுத்து எழுத்தாக வரும்.

கல்யாண வீட்டில் ராத்திரிப் பந்தி முடிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டுக் கதை வசனம் போடச் சொல்வார்கள். 1965ல் வந்த 'திருவிளையாடல்' தட்டுதான் எப்போதும் முதலில். பந்தலுக்குப் பின்னால் பெண்கள் அரிவாள்மணையில் மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார்கள். தருமி புலம்ப ஆரம்பித்ததும் அரிவாள்மணைச் சத்தம் நின்றுவிடும். தட்டின் ஒரு பக்கம் தீர்ந்து நான் திருப்பிப் போடுவதற்குள், முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அடுத்த வசனத்தைத் தாங்களே சொல்லிக்கொண்டு போவார்கள். ஊசி தட்டில் படும்போது நாகேஷும் அதே இடத்துக்கு வந்திருப்பார். நான் ஊசியை எங்கே வைக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.

அந்தப் படத்தை நான் கொட்டகையில் பார்த்தது அதற்கெல்லாம் வெகு நாளைக்கு அப்புறம். இவ்வளவு பெரிய குரலுக்கு இவ்வளவு ஒல்லியான உடம்பா என்று நாகேஷைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். நக்கீரராக வந்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். எனக்கு அவர் குரல் ஏற்கெனவே பழக்கம். வழக்கு பேசுகிற குரல் அது. எதிரே நிற்பது சிவபெருமானாகவே இருந்தாலும் இறங்கிவராத குரல்.

வசனம் என்று வந்தால் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1952ல் 'பராசக்தி'க்கு எழுதிய கலைஞர் திருக்குவளைக்காரர். 1961ல் 'பாசமலர்' எழுதிய ஆரூர்தாஸுக்குப் பெயரிலேயே திருவாரூர் இருக்கிறது. இருவரும் பெரியவர்கள். காதுக்கு யார் என்று கேட்டால் நான் ஆரூர்தாஸைச் சொல்வேன். கலைஞரின் வசனம் மேடையில் நின்று முழங்குவதற்கானது, கூட்டம் கைதட்டக் கைதட்ட அது மேலே ஏறும். ஆரூர்தாஸ் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் வைப்பார். கேட்கிற பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த இடைவெளி போதும். 1984ல் 'விதி' வந்தபோது தட்டெல்லாம் போய் கேசட் வந்துவிட்டது. அந்த நீதிமன்ற வசனத்தை எத்தனை டீக்கடைகளில் கேட்டிருப்பேன்! பஸ் வந்து நின்றாலும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள். வக்கீலாக வருகிற சுஜாதா கேட்கிற கேள்விக்குப் பதில் வரட்டும், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் வசனம் ஆரூர்தாஸ்தான்.

சரி, என் மனசுக்கு மிகவும் நெருங்கிய படத்துக்கு வருகிறேன். 1968ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடராக எழுதிய கதை. நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர் மோகனாம்பாள். சிக்கல் நாகப்பட்டினத்தை ஒட்டிய ஊர். அங்கே முருகனுக்குச் சிங்காரவேலர் என்று பெயர். சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆக, இரண்டு பேருமே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்ற உரிமையோடுதான் அந்தப் படத்தை நாங்கள் கேட்டோம்.

அதில் எனக்கு நீண்ட நாள் ஒரு குறை இருந்தது. சிவாஜிக்காகப் படத்தில் நாகசுரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கதை எங்கள் ஊர்க் கதை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்து வாசித்த மண் இது. எங்கள் பக்கத்து வித்துவான் யாரையாவது வாசிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் இருந்துகொண்டே இருந்தது. ஒரு கோயில் கச்சேரியில் வயதான நாகசுர வித்துவான் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல், அடுத்த தடவை படம் பார்க்கும்போது சிவாஜியின் கன்னத்தை மட்டும் பார் என்றார்.

பார்த்தேன். வாசிப்பில் மூச்சு எடுக்கிற இடத்தில் சிவாஜியின் கன்னம் ஒட்டுகிறது. ஸ்வரம் நீண்டு ஒலிக்கிற கார்வை வருகிற இடத்தில் உப்பியபடியே நிற்கிறது. விரல் துளையை விட்டு எழுவதும் ஸ்வரத்தோடு சேர்ந்து எழுகிறது. ஊதுகிற முனையான சீவாளியை வாயில் வைத்துச் சரிபார்க்கிற விதம்கூட எங்கள் ஊர் மேளக்காரர்களிடம் நான் பார்த்ததுதான். மதுரைச் சகோதரர்களின் மூச்சை அந்த மனிதர் தன் முகத்தில் வாங்கி வைத்திருக்கிறார். பாலையா தவிலை மடியில் வைத்துக்கொண்டு சிவாஜியைப் பார்ப்பார் பாருங்கள், அது பக்கவாத்தியக்காரரின் பார்வையேதான். அடுத்து இவன் எங்கே போகப் போகிறான் என்ற கவலையும் பெருமையும் கலந்த பார்வை. அதற்கப்புறம் என் குறை போய்விட்டது. 'நலந்தானா' பாட்டில் சுசீலா அம்மா கேட்கிற கேள்விக்கு நாகசுரம் பதில் சொல்லும். காயம் பட்டவனால் வாயைத் திறந்து சொல்ல முடியாததை வாத்தியம் சொல்லும். கே.வி. மகாதேவனின் இசையில் எனக்கு அதற்கு மேலே ஒன்று இல்லை.

தொழில்காரன் என்பதால் இதையும் சொல்கிறேன். நாகசுரத்துக்கு மைக்கை அணசுக்கு நேராக வைக்கக் கூடாது. நாதம் அடியில் இருக்கிற அந்த அகன்ற வாய் வழியாக மட்டும் வருவதில்லை, துளைகள் வழியாகவும் வருகிறது. கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால்தான் முழு வாத்தியமும் கேட்கும். இப்போது கல்யாண மண்டபங்களில் வாய்க்குள்ளேயே மைக்கை நுழைத்துவிடுகிறார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து அவ்வளவு பாடுபட்டுச் செய்கிற வாத்தியம், கேட்பவருக்குத் தலைவலியாகப் போய்ச் சேருகிறது. 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே' பாட்டைக் கேளுங்கள். 1962ல் வந்த படம். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் வாசிக்க எஸ். ஜானகி பாடுகிறார். அத்தனை பலமான வாத்தியமும் ஒரு பெண் குரலும் ஒன்றையொன்று அமுக்காமல் போகின்றன. ஒலிப்பதிவு செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

டிவி விஷயத்தில் எங்கள் கடற்கரைப் பக்கத்துக்கு ஒரு வசதி இருந்தது. இலங்கை வானொலி முன்பே தெளிவாகக் கேட்கும். 1982ல் இலங்கையின் ரூபவாஹினி டிவி வந்ததும், உயரமாக ஆன்டெனா கட்டினவர்கள் வீட்டில் படமும் தெரிய ஆரம்பித்தது. ஆன்டெனா கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள், மரம் ஏறத் தெரிந்தவன் என்பதால். மேலே நான் திருப்புவேன், கீழேயிருந்து "தெரியுது, தெரியுது, போச்சு" என்று குரல் வரும். படம் மழை பெய்வது போல இருக்கும், குரல் மட்டும் சுத்தமாக வரும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தொடர்களில் நான் உயர்வாக மதிப்பவை இரண்டு. ஒன்று 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். தயாரித்தது கே. பாலசந்தரின் நிறுவனம். பாலசந்தர் நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடிக்காரர். அதில் குதிரைக் குளம்புச் சத்தம் வரும். சத்தம் முதலில், பயம் அடுத்து, கடைசியில்தான் உருவம். அந்த வரிசையை அவர்கள் மாற்றவே இல்லை. எங்கள் ஊரிலும் கருப்பு கோயில் உண்டு. கச்சேரி முடித்து நடுராத்திரியில் அந்த வழியாக சைக்கிளில் வரும்போது நான் பாட்டுப் பாடிக்கொண்டேதான் வருவேன்.

இன்னொன்று 2002 முதல் 2005 வரை வந்த திருமுருகனின் 'மெட்டி ஒலி'. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் கதை. அம்மி மிதிக்கிற தலைப்புப் பாட்டு தெருவின் முதல் வீட்டில் கேட்கும், நடந்துகொண்டே இருந்தால் கடைசி வீடுவரை அறுபடாமல் கூடவே வரும். அதில் மனிதர்கள் மனிதர்கள் பேசுகிற வேகத்தில் பேசினார்கள். ஒருவர் பேசி முடித்ததும் ஒரு அமைதி இருந்தது. இன்றைய தொடர்களில் அந்த அமைதியைக் காணோம். ஒரு வார்த்தை சொன்னால் மூன்று பேர் முகத்தைக் காட்டி, மூன்று தடவை இடி இடிக்கிறது. நல்ல நடிகர்கள் நடிக்கிறார்கள், அவர்கள் குரல் நமக்கு வந்து சேர்வதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

சமீபத்துப் படங்களில் எங்கள் மண்ணைக் காதோடு சேர்த்து எடுத்தவர் சி. பிரேம்குமார். 2024ல் வந்த அவருடைய 'மெய்யழகன்' படத்தில், ஊரைவிட்டுப் போன ஒருவர் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. படம் வெளியான பிறகு நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிடம் போலக் குறைத்துவிட்டார்கள். குறைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெகுநாள் கழித்து வந்த சொந்தக்காரரிடம் எங்கள் ஊரில் பேச்சு அப்படித்தான் போகும். மாட்டைப் பற்றி ஆரம்பித்துக் கரிகாலன்வரை போய்விட்டுத்தான் திரும்பும். நான் அந்தப் படத்தைப் பார்த்த தியேட்டரில் ஒலியை அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருந்தார்கள். மெதுவாகப் பேசுகிற காட்சிகூடக் காதில் அறைந்தது. இடைவேளையில் போய்ச் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் மறுபடி பார்த்தபோதுதான் கார்த்தி எவ்வளவு தணிந்த குரலில் பேசியிருக்கிறார் என்று தெரிந்தது.

பிரேம்குமார் அதற்கு முன்னால் எடுத்தது '96'. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த இரண்டு பேர் வெகுகாலம் கழித்துச் சந்திக்கிற கதை. படிக்கிற காலத்தில் அவன் எத்தனையோ தடவை கேட்டும் அவள் பாடாமல் விட்ட ஒரு பாட்டு உண்டு. 'யமுனை ஆற்றிலே'. கடைசியில் அவன் வீட்டில் மின்சாரம் போய்விடுகிறது. அந்த இருட்டில் அவள் பாடுகிறாள். திரையில் பார்க்க ஒன்றும் இல்லாத நேரத்தில் அந்தப் படம் தன் உச்சத்துக்குப் போகிறது. ஐம்பது வருடம் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2018 தீபாவளிக்கு அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். வீட்டில் எல்லோரும் பார்த்தோம். பத்து நாளில், நவம்பர் 16 விடியற்காலையில், கஜா புயல் கரையைக் கடந்தது. அப்பா குழாய் கட்டிய தென்னைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. என்னிடம் ஜெனரேட்டர் இருந்ததால் தெருக்காரர்கள் போனுக்கு சார்ஜ் போட வருவார்கள். டீசல் கிடைப்பது கஷ்டம் என்பதால் பகலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவேன். ராத்திரியானால் தவளைச் சத்தமும் கொசுவும் மட்டும்தான்.

அப்படி ஒரு ராத்திரி திண்ணையில் ஏழெட்டுப் பேர் பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். விழுந்த மரங்களைப் பற்றி எவ்வளவுதான் பேசுவது. உள்ளேயிருந்து என் பேத்தி அந்தப் பாட்டை மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். பத்து வயதுப் பிள்ளை. இரண்டாவது வரியில் வார்த்தை மறந்து போய் நிறுத்தினாள். இருட்டில் பக்கத்து வீட்டு அம்மாளின் குரல் அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தது. அவர் பாடி அதுவரை நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து பாடி முடித்தார்கள். தெருக்கோடிவரை கேட்டிருக்கும், நடுவில் தடுக்க மரம் ஒன்றும் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.